மடித்த தாளில் இரண்டு துளைகள்

பன்னிரண்டாம் வகுப்பில் சமன்பாட்டியல் பாடம் தொடங்கும் நாளில், கரும்பலகையின் நடுவில் ய⁴ + 4 என்று எழுதி, “காரணிப்படுத்துங்கள்” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். முன்னால் நின்றால் பிள்ளைகள் என் முகத்தில் விடையைத் தேடுவார்கள். பின்னால் போய்விட்டால் பலகையைப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. (வகுப்பில் நான் எழுதுவது எக்ஸ்தான். இந்தக் கட்டுரையில் மாறியை ‘ய’ என்றும், −1-இன் வர்க்கமூலத்தை வாயால் சொல்வதுபோலவே ‘ஐ’ என்றும் எழுதுகிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருப்பது நல்லது.)

27 வருடங்களாக முதலில் எழும் குரல் ஏறக்குறைய ஒன்றுதான்: “சார், நடுவுல பிளஸ் இருக்கே. மைனஸா இருந்தாத்தானே பிரிக்க முடியும்?” அடுத்து, வகுப்பில் கொஞ்சம் நிதானமாக யோசிக்கிற ஒரு பிள்ளை எழுந்து சொல்லும்: “இதுக்கு ரூட்டே இல்ல சார். எந்த நம்பரைப் போட்டாலும் நாலுக்குக் கீழ வராது. அப்புறம் எப்படிப் பிரியும்?”

இந்த இரண்டாவது பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன். அதில் பாதி முழுக்க உண்மை. ய மெய்யெண்ணாக இருக்கும்வரை ய⁴ + 4 ஒருபோதும் 4-க்குக் கீழே இறங்காது. வரைபடம் போட்டால் அது அச்சைத் தொடாமல் மேலேயே நிற்கும். மெய்யெண் மூலம் கிடையாது, ஆகவே ஒருபடிக் காரணியும் கிடையாது. ஆனால் இருபடிக் காரணி இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? மூலம் இல்லை என்பதிலிருந்து காரணியே இல்லை என்று தாவுவது இருபடிக் கோவைக்கு மட்டும் பொருந்தும் பழக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இருபடியைப் போட்டுப் போட்டு அந்தப் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது.

பலகைக்குத் திரும்பிப் போய் இதை எழுதுவேன்:

ய⁴ + 4 = (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2)

பெருக்கிப் பார்க்கச் சொல்வேன். நம்பாதவர்களுக்கு ய-க்குப் பதில் 10 போடச் சொல்வேன். இடப்பக்கம் 10,004. வலப்பக்கம் 122, 82. பெருக்கினால் சரியாக 10,004 வருகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் சோஃபி ஜெர்மேன் பெயரால் வழங்கும் முற்றொருமை இது. விடை வந்ததும் வகுப்பு அமைதியாகும். ஆனால் அந்த அமைதியில் எனக்கு நிறைவு இல்லை. விடையைக் காட்டிவிட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை. அதைக் காட்ட ஒரு வரைபடத்தாளும் ஒரு காம்பஸும் போதும்.

தாளில் ஆர்கன்ட் தளத்தை வரையச் சொல்கிறேன். கிடையாக மெய்யச்சு, செங்குத்தாகக் கற்பனை அச்சு. இப்போது மெய்யச்சின் மேல் தாளை மடிக்க வேண்டும், மேல்பாதி கீழ்ப்பாதியோடு பொருந்தும்படி. மடித்த தாளில் 1 + ஐ இருக்கும் இடத்தில் காம்பஸ் முனையால் ஒரு குத்து. பிறகு −1 + ஐ இருக்கும் இடத்தில் இன்னொன்று. விரித்தால் நான்கு துளைகள்: 1 + ஐ, 1 − ஐ, −1 + ஐ, −1 − ஐ. ய⁴ + 4-இன் நான்கு மூலங்களும் இவைதான். இரண்டு குத்துக்கு நான்கு துளை. மடிப்பின் மேலேயே குத்தினால் மட்டும் ஒரு குத்துக்கு ஒரே துளை, அது மெய்யெண் மூலம்.

நான்கு மூலங்களை இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் பலகையில் போட்டே தீருவேன், அதற்கு ஒரு பாடவேளை போனாலும் பரவாயில்லை. எதிரெதிர் மூலையில் இருப்பவற்றைச் சேர்த்தால், அதாவது 1 + ஐ-யோடு −1 − ஐ-யைச் சேர்த்தால், கூடுதல் பூச்சியம், பெருக்கற்பலன் −2ஐ. காரணி ய² − 2ஐ. மற்றது ய² + 2ஐ. மேலே உள்ள இரண்டையும் சேர்த்தால் கூடுதல் 2ஐ, பெருக்கற்பலன் −2. காரணி ய² − 2ஐய − 2. கீழே உள்ள இரண்டும் ய² + 2ஐய − 2 தரும். இந்த இரு வழிகளும் தவறல்ல, பெருக்கினால் ய⁴ + 4 தான் வரும். ஆனால் காரணிகளில் ஐ உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது வழி, மடிப்புக்கு மேலும் கீழும் நேருக்கு நேர் நிற்பவற்றைச் சேர்ப்பது. 1 + ஐ, 1 − ஐ: கூடுதல் 2, பெருக்கற்பலன் 2. காரணி ய² − 2ய + 2. ஐ இருந்த சுவடே இல்லை.

மெய்யெண்களின் மேல் காரணிப்படுத்துவது என்பது என் அனுபவத்தில் சரியான ஜோடி சேர்க்கும் வேலை. மூலம் கண்டுபிடிப்பது அதற்கு முந்தைய வேலை, அவ்வளவுதான்.

நுண்கணிதத்தைத் தந்த இருவரில் ஒருவரான லைப்னிட்ஸ் இந்த இடத்தில் தவறினார். 1702-இல் வெளியான கட்டுரையில், ய⁴ + அ⁴ என்ற கோவையை மெய்யெண் கெழுக்கள் கொண்ட இரு இருபடிகளாகப் பிரிக்க முடியாது என்று எழுதினார். அவருக்கு அது வெறும் இயற்கணிதப் புதிர் அல்ல. பின்னங்களைப் பகுதிப் பின்னங்களாக உடைத்துத் தொகையிடும் முறை எல்லாப் பின்னங்களுக்கும் செல்லுமா என்பது அவருடைய கேள்வி. பகுதியில் ய⁴ + அ⁴ வந்தால் செல்லாது என்று முடிவு கட்டினார். எப்படி? முதலில் அதை ய² + அ²ஐ, ய² − அ²ஐ என்று உடைத்தார். நம் மூன்று வழிகளில் முதலாவது, எதிரெதிர் மூலைகளைச் சேர்க்கும் வழி. அதிலிருந்து மேலும் உடைத்தபோது வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக ஐ புகுந்தது. அதற்குமேல் மெய்யெண்ணுக்குத் திரும்பும் பாதை அவர் கண்ணுக்குப் படவில்லை. ஆர்கன்ட் தளம் என்ற படம் வர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. மடித்துப் பார்க்க அவரிடம் தாள் இல்லை என்றே எனக்குத் தோன்றும்.

1719-இல் நிக்கோலாஸ் பெர்னூலி அந்தப் பாதையைக் காட்டினார். ய⁴ + அ⁴ என்பதில் 2அ²ய² கூட்டு, உடனே கழி:

(ய² + அ²)² − 2அ²ய²

இரு வர்க்கங்களின் வித்தியாசம். ஆகவே ய² + √2 அய + அ², ய² − √2 அய + அ². கெழுவில் √2 வருகிறது. வரட்டுமே, அதுவும் மெய்யெண்தானே.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் 1/(1 + ய⁴)-ஐத் தொகையிடச் சொன்ன கணக்கில் நான் ஒருநாள் முழுக்க நின்றிருக்கிறேன். பகுதியை உடைக்க வழி தெரியாமல் பிரதியீடுகளாகப் போட்டுப் பத்துப் பக்கம் தீர்த்தேன். மறுநாள் எங்கள் பேராசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் என் நோட்டின் ஓரத்தில் நான்கு புள்ளி வைத்து, மேலும் கீழுமாக இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். இறங்கும்போது கணக்கு முடிந்திருந்தது. நான் ஆசிரியராகப் போக வேண்டும் என்று முதலில் நினைத்தது அன்றைக்குத்தான்.

ஜோடி ஏன் எப்போதும் மேலும் கீழுமாகவே அமைகிறது? நிரூபணம் நான்கு வரி. ஆனால் வரியை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள் என்பதால் இதை வாயால் சொல்ல வைப்பேன். ஓர் எண்ணை மெய்யச்சின் குறுக்கே பிரதிபலிப்பதுதான் இணையெண் எடுப்பது. கூட்டிவிட்டுப் பிரதிபலித்தாலும், பிரதிபலித்துவிட்டுக் கூட்டினாலும் ஒன்றுதான். பெருக்கலுக்கும் அப்படியே. பூச்சியம் மடிப்பின் மேல் இருப்பதால் அது அசையாது. கெழுக்களும் மெய்யெண்களாக இருந்தால் அவையும் மடிப்பின் மேலேயே இருக்கின்றன, அசையாது. ஆகவே ஒரு சமன்பாடு முழுவதையும் பிரதிபலித்தால் மாறுவது மூலம் மட்டும். சமன்பாடு அப்படியே நிற்கிறது. மூலத்தின் பிரதிபலிப்பும் மூலமே.

இதில் உயிர்நாடி ‘கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால்’ என்பது. ய² − (1 + ஐ)ய + ஐ என்ற கோவையைக் கொடுத்து, “ஐ ஒரு மூலம், இன்னொன்று என்ன?” என்று கேட்பேன். முக்கால்வாசி வகுப்பு −ஐ என்று எழுதும். சரியான விடை 1. இந்த ஒரு கணக்கில் தவறியவர்கள் பிறகு நிபந்தனையை மறப்பதில்லை. அதனால்தான் எத்தனை அவசரம் இருந்தாலும் இதை நான் விடுவதில்லை.

இன்னொரு உடன்பிறப்புக் குழப்பமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் 2 + ஐ, 3 − √2 ஆகியவை மூலங்கள் என்று சொல்லி, ஆறுபடிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்கச் சொல்லும் கணக்கு இருக்கிறது:

ய⁶ − 13ய⁵ + 62ய⁴ − 126ய³ + 65ய² + 127ய − 140 = 0

2 + ஐ-க்கு ஜோடி 2 − ஐ. 3 − √2-க்கு ஜோடி 3 + √2. பிள்ளைகள் இரண்டையும் ஒரே காரணத்தால் வந்த ஜோடி என்று நினைக்கிறார்கள். இல்லை. முதல் ஜோடிக்குக் கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால் போதும். இரண்டாவது ஜோடிக்குக் கெழுக்கள் விகிதமுறு எண்களாக இருக்க வேண்டும். மெய்யெண் உலகத்தில் 3 − √2 மடிப்பின் மேல் இருக்கும் ஒற்றைத் துளை. அதற்குத் துணை தேட வேண்டிய கட்டாயமே இல்லை.

அந்தக் கணக்கைப் போடும் விதத்தில் என் பிடிவாதம் ஒன்று. (ய − 2 − ஐ)(ய − 2 + ஐ) என்று அடைப்புக்குறி போட்டு விரிக்க விடமாட்டேன். ஒன்பது பெருக்கல், அதில் ஏதாவது ஒரு கழித்தல் குறி கட்டாயம் வழுக்கும். கூடுதல் என்ன? 4. பெருக்கற்பலன்? 4 + 1 = 5. எழுது, ய² − 4ய + 5. அடுத்தது, கூடுதல் 6, பெருக்கற்பலன் 9 − 2 = 7. எழுது, ய² − 6ய + 7. இன்னும் ஓர் இருபடி பாக்கி. அதற்கு நீள வகுத்தல் வேண்டாம். மாறிலிகளைப் பார்: 5 × 7 = 35, −140-ஐ 35-ஆல் வகுத்தால் −4. ய⁵-இன் கெழுவைப் பார்: −4, −6 இரண்டும் போக −13-க்கு இன்னும் −3 வேண்டும். ஆகவே ய² − 3ய − 4, அதாவது (ய − 4)(ய + 1). மூன்று நிமிட வேலை. முடித்தபின் காரணிகளைப் பெருக்கி, −126-உம் 65-உம் வருகின்றனவா என்று சரிபார்க்கச் சொல்வேன். குறுக்குவழியில் போனவர்களுக்குச் சரிபார்ப்பு கடமை.

பெர்னூலியின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது அங்கே முடியவில்லை. லைப்னிட்ஸின் தவற்றைத் திருத்திய அதே நிக்கோலாஸ் பெர்னூலி, 23 வருடம் கழித்து 1742-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில், எல்லா மெய்யெண் கோவைகளும் ஒருபடி, இருபடிகளாகப் பிரியும் என்பதைத் தாம் ஏற்கவில்லை என்று ஓர் எடுத்துக்காட்டு தந்தார்: ய⁴ − 4ய³ + 2ய² + 4ய + 4. ஆய்லர் அதைப் பிரித்துக் காட்டினார்.

நான் வகுப்பில் இதை இப்படிச் செய்வேன். ய − 1-ஐ ‘ம’ என்று வைத்தால் கோவை ம⁴ − 4ம² + 7 ஆகிவிடும். இங்கே கை தானாக (ம² − 2)² + 3 என்று எழுதும். பத்தாம் வகுப்பிலிருந்து பழகிய வர்க்கப்பூர்த்தி அது. எழுதியதும் முட்டுச்சந்து, இரு வர்க்கங்களின் கூடுதல். ம² = 2 ± √3 ஐ என்று போனால் மறுபடியும் எதிரெதிர் மூலைகளைச் சேர்க்கும் அதே லைப்னிட்ஸ் வழி. நடுவைப் பிடித்ததுதான் பிழை. இரு முனைகளைப் பிடிக்க வேண்டும். ம⁴-உம் 7-உம் அப்படியே இருக்கட்டும், நடு உறுப்பு விட்டுக்கொடுக்கட்டும்:

(ம² + √7)² − (4 + 2√7)ம²

இப்போது பிரிகிறது. ம² + √7-உடன் ±√(4 + 2√7) ம சேரும். அந்த வர்க்கமூலத்தின் மதிப்பு ஏறத்தாழ 3.048. விடை பார்க்க அழகாக இல்லை. ஆனால் முழுக்க மெய்யெண்.

பிள்ளைகள் உடனே கேட்கும் கேள்வி நியாயமானது: “சார், ரூட்டுக்குள்ள மைனஸ் வந்துட்டா?” வராது. ம⁴ + பம² + ச என்ற கோவையில் தன்மைக்காட்டி குறை எண்ணாக இருந்தால் ப² < 4ச. அப்படியானால் ப, 2√ச-ஐ விடச் சிறியது. நாம் கழிக்கும் உறுப்பின் கெழு 2√ச − ப, அது எப்போதும் மிகை எண். வழக்கமான வழி அடைபடும் அதே நிபந்தனைதான் இந்த வழியைத் திறந்துவிடுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மேனி சிலிர்க்கிறது.

முழுமையான கேள்வியை 1799-இல் 22 வயது காஸ் தம் முனைவர் பட்ட ஆய்வில் எடுத்துக்கொண்டார். இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று இன்று நாம் கலப்பெண்களைக் கொண்டு சொல்வதை, அவர் ஆய்வின் தலைப்பு மெய்யெண்களைக் கொண்டே சொல்கிறது: ஒரு மாறியின் ஒவ்வொரு பல்லுறுப்புக்கோவையும் முதல்படி அல்லது இரண்டாம்படி மெய்க்காரணிகளாகப் பிரியும். பாடநூலில் இது கிளைத்தேற்றம்போல ஒரு வரியில் கடந்து போகிறது. வரலாற்றில் இதுதான் தலைவாசல்.

மூலங்கள் வட்டத்தின் மேல் வரிசையாக நிற்கும் கோவைகள் இந்த வேலையின் விருந்து. ய⁵ − 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மூலங்களும் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் முனைகள். படி ஒற்றைப்படை என்பதால் ஒன்றாவது ஜோடியில்லாமல் மடிப்பின் மேல் நிற்க வேண்டும், அது 1. 72 பாகையும் 288 பாகையும் ஒரு ஜோடி, 144-உம் 216-உம் இன்னொரு ஜோடி. பெருக்கற்பலன் இரண்டுக்கும் 1. கூடுதல் 2 கோசைன் 72°, 2 கோசைன் 144°. அதாவது (√5 − 1)/2, −(√5 + 1)/2. ஐங்கோணத்துக்குள் பொன் விகிதம் தலைகாட்டுகிறது, நாம் தேடாமலே. இத்தகைய கோவைகளை வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரித்துக் காரணிப்படுத்தும் வழியை இங்கிலாந்தின் ரோஜர் கோட்ஸ் கண்டிருந்தார். 1716-இல் அவர் இறந்த பிறகு, 1722-இல்தான் அது நூலாக வந்தது.

இத்தனையும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு பரவளையம் வரைந்து காட்டுவேன். ய² − 4ய + 5 என்பது (ய − 2)² + 1. அதன் அடிமுனை 2-க்கு நேர் மேலே, அச்சிலிருந்து 1 உயரத்தில். மூலங்கள் 2 ± ஐ. அடிமுனை எந்த எண்ணுக்கு மேலே நிற்கிறதோ அது மெய்ப்பகுதி, எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதன் வர்க்கமூலம் கற்பனைப் பகுதி. அச்சைத் தொடாத வரைபடம் ஊமை அல்ல, மூலங்களை அதன் வழியில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விமானப் பொறியியல் படிக்கப் போன பழைய மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் போன் செய்தாள். “சார், பெயர்ஸ்டோ முறைன்னு ஒண்ணு வந்திருக்கு. நீங்க சொன்ன அதே ஜோடிதான் சார்.” லெனர்ட் பெயர்ஸ்டோ 1920-இல் வெளிவந்த தம் காற்றியக்கவியல் நூலில் தந்த முறை அது. கலப்பெண்ணையே தொடாமல், மெய்யெண் கணக்கால் மட்டுமே, ஒரு பல்லுறுப்புக்கோவையின் இருபடிக் காரணியைப் படிப்படியாக நெருங்கிப் பிடிக்கும். விமானம் மூக்கைத் தூக்கி இறக்கி ஆடும் ஆட்டத்தை ஒரு நாற்படிச் சமன்பாடு ஆள்கிறது. வழக்கமாக அது இரண்டு இருபடிகளாகப் பிரியும். ஒன்று சட்டென்று வந்து சட்டென்று அடங்கும் ஆட்டம். மற்றது மெல்ல ஏறி இறங்கும் நீண்ட ஆட்டம், அதற்குப் பொறியாளர் லான்செஸ்டர் ஃப்யூகாய்டு என்று பெயர் வைத்தார். ஒரு ஜோடி மூலம், ஓர் ஆட்டம். மெய்ப்பகுதி ஆட்டம் அடங்குமா வளருமா என்று சொல்கிறது, கற்பனைப் பகுதி எவ்வளவு வேகமாக ஆடும் என்று சொல்கிறது. ஜோடியில் ஒன்றை மட்டும் தனியே எடுத்தால் அது எந்த விமானத்தின் அசைவும் அல்ல.

சக ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘காரணிப்படுத்த முடியாது’ என்று பலகையில் எழுதும்போது, ‘எந்த எண்களின் மேல்’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ய⁴ + 1 விகிதமுறு எண்களின் மேல் பிரியாது, மெய்யெண்களின் மேல் இரண்டாகப் பிரியும், கலப்பெண்களின் மேல் நான்காகப் பிரியும். அந்தச் சொற்களை விட்டுவிட்டால், பிள்ளை பொய்யான ஒரு விதியை வீட்டுக்கு எடுத்துப் போகிறது. அதைக் கழற்ற எங்களுக்கு இரண்டு வருடம் ஆகிறது.

தாளும் பேனாவும் இன்னும் கையில் இருந்தால், ய⁶ + 1-ஐப் போட்டுப் பாருங்கள். மூன்று குத்து, ஆறு துளை. ஒரு காரணி ய² + 1. மற்ற இரண்டிலும் √3 வரும்.